வயர்கார்ட் டனலுக்குள் போன் குரல் உடைகிறது: பாக்கெட்டை எங்கே பிரிப்பது, எங்கே தடுப்பது? (ராணிப்பேட்டை – ஆம்பூர்)

தோல்மண்டி_நெட் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் நெட்வொர்க் வேலையைத் தனி ஆளாகப் பார்க்கிறேன். மெயின் ஆபீஸ் இங்கே சிப்காட்டில். அப்பர் தைக்கும் யூனிட் ஆம்பூரில். இரண்டுக்கும் நடுவில் வயர்கார்ட் விபிஎன், அதாவது இணையத்தின் வழியே போகும் மறையாக்கம் செய்த டனல். இரண்டு முனையிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரூட்டர்.

டனல் வழியாக நான்கு வகை போக்குவரத்து இருக்கிறது. ஆம்பூரில் 11 ஐபி போன், அவற்றுக்கான பிபிஎக்ஸ் (அழைப்புகளை இணைக்கும் பெட்டி) ராணிப்பேட்டையில். ஆம்பூர் கணக்குப் பிரிவில் மூன்று பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டாலி பார்க்கிறார்கள். அங்கிருக்கும் 16 கேமராவை முதலாளி தன் அறைத் திரையில் பார்க்கிறார். அப்புறம் பேக்கப். இரவிலேயே முடிய வேண்டும், ஆனால் சில நாள் காலை பத்து மணி வரைக்கும் இழுக்கிறது.

ஆம்பூர் லைனின் அப்லோட் 18 எம்பிபிஎஸ். பேக்கப் ஓடும்போதோ கேமராத் திரை திறந்திருக்கும்போதோ யாராவது போன் பேசினால் குரல் துண்டு துண்டாக வருகிறது. போன வாரம் தையல் மெஷினில் ஒரு அம்மாவுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. முதலுதவி அறையிலிருந்து இங்கே டாக்டரை அழைத்தார்கள். அவர் சொன்னது அந்தப் பக்கம் பாதிதான் கேட்டது. அதன் பிறகு இதைத் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

நான் செய்தது: ரூட்டரின் வான் இன்டர்ஃபேஸில் (இணைய லைன் பக்கம்) போன்கள் பயன்படுத்தும் 5060, 10000 முதல் 20000 வரையான யுடிபி போர்ட்டுகளுக்கு முன்னுரிமை விதி எழுதினேன். விதியின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஒரு பாக்கெட்கூட அதில் விழவில்லை.

இரண்டாவது விஷயம். மெஷின் சர்வீஸுக்கு வந்த ஒருவர் ஆம்பூரில் தன் லேப்டாப்பை சுவிட்சில் செருகியதும், ராணிப்பேட்டையில் இருக்கும் சம்பளக் கோப்புறை அவர் திரையில் தெரிந்திருக்கிறது. அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நல்ல மனிதர். ஆனால் விபிஎன் என்று ஒன்று போட்டுவிட்டு இப்படித் திறந்து வைத்திருக்கிறேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பாலாறு_பாலம் | திங்கள், இரவு 10.05

தம்பி, வாணியம்பாடியில் எங்கள் கடையிலும் இதே கதை. லைன் வேகத்தைக் கூட்டிவிடுங்கள், மற்றதெல்லாம் தலைவலி. பாதுகாப்புக்கு இரண்டு ரூட்டரிலும் ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் வழி) முழுவதையும் தடுத்துவிடுங்கள், பிங்கே போகக் கூடாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கோட்டை_அகழி | திங்கள், இரவு 11.20

உங்கள் கவுன்ட்டர் ஏன் பூஜ்யத்தில் நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது, தம்பி.

ஷூ கார்ட்டன்களைக் கன்டெய்னரில் ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் வைத்து அனுப்புகிறோம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்பவருக்குத் தெரிவது ஒரு லாரி மட்டுமே. உள்ளே ஆண்கள் ஷூவா, குழந்தைகள் செருப்பா என்று அவர் எப்படிப் பிரிப்பார்? உங்கள் வான் இன்டர்ஃபேஸ் அந்த டோல்கேட். அங்கே வந்து சேரும்போது போன், டாலி, கேமரா எல்லாமே மறையாக்கம் ஆகி, 51820 என்ற ஒரே யுடிபி போர்ட்டுக்குப் போகும் ஒரே ஓட்டமாகிவிட்டன. 5060 என்ற எண் சீலுக்கு உள்ளே இருக்கிறது.

ஆகவே சீல் வைப்பதற்கு முன்பே பிரிக்க வேண்டும். பாக்கெட் ஆம்பூர் லேனிலிருந்து (உள் நெட்வொர்க்) ரூட்டருக்குள் வந்து, வயர்கார்ட் இன்டர்ஃபேஸை நோக்கித் திரும்பும் இடம்தான் ஃபார்வர்ட் செயின். அங்கே உள் தலைப்பு முழுசாகத் தெரியும். மூல ஐபி, சேருமிட ஐபி, போர்ட் எல்லாம். குறி போட வேண்டிய இடம் அதுதான்.

எந்தக் குறி? ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி என்று 6 பிட் இருக்கிறது. குரலுக்கு இஎஃப், அதாவது 46. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஏஎஃப்21. பேக்கப்புக்கு சிஎஸ்1. கேமராவுக்குக் குறியே வேண்டாம், சாதாரணமாகப் போகட்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: குறி போடும் முன்பு, லேனிலிருந்து வரும் எல்லாப் பாக்கெட்டின் டிஎஸ்சிபியையும் பூஜ்யமாக்குங்கள். ஏதோ ஒரு கணினி தானாகவே 46 போட்டுக்கொண்டு வந்தால் அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. போன்கள் தனி விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் அந்த விலேனை வைத்தே குறி போடலாம். போர்ட்டை நம்புவதைவிட அது உறுதியானது.

குறி போட்டால் மட்டும் எதுவும் வேகமாகிவிடாது. குறியைப் படித்து வரிசையைப் பிரிக்கும் ஒன்று வேண்டும். வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் மேலேயே கேக் என்ற வரிசைப்படுத்தும் நிரலை வையுங்கள், குறியைப் பார்த்து நான்கு தட்டாகப் பிரிக்கும் டிஃப்சர்வ்4 முறையில், 14 எம்பிபிஎஸ் வரம்போடு. அப்போது நெரிசல் உங்கள் ரூட்டருக்குள் ஏற்படும், வரிசை உங்கள் கையில் இருக்கும். வரம்பு இல்லாமல் விட்டால் நெரிசல் லைன்காரரின் மோடத்தில் ஏற்படும். அந்த மோடத்தில் 1 மெகாபைட் பஃபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 18 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.44 நொடி ஆகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது குரல் அழைப்புகளுக்கான ஜி.114 பரிந்துரை. உங்கள் குரல் பாக்கெட் பேக்கப்புக்குப் பின்னால் அரை நொடி நிற்கிறது, அதனால்தான் உடைகிறது.

லைன் வேகத்தைக் கூட்டச் சொன்ன நண்பருக்கு: குரலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 என்ற குரல் கோடெக்கில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், ஐபி தலைப்போடு 200 பைட். வயர்கார்ட் அதை 16-இன் மடங்குக்கு நிரப்பி, 60 பைட் போர்வை போர்த்தினால் 268 பைட். நொடிக்கு 50 பாக்கெட். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 107 கிலோபிட். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 1.2 எம்பிபிஎஸ்தான். குரலுக்கு அகலம் தேவையில்லை, காத்திருக்காமல் போனால் போதும். 100 எம்பிபிஎஸ் லைன் வாங்கினாலும் பேக்கப் அதையும் நிரப்பிவிடும்.

கேமரா விஷயம் வேறு. 16 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்றால் 32. அது 18-இல் நுழையவே நுழையாது, எந்த வரிசையும் உதவாது. திரைக்கு சப் ஸ்ட்ரீம் வையுங்கள். 400 கிலோபிட் என்றால் மொத்தம் 6.4. ஏதாவது ஒரு கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் மெயின் ஸ்ட்ரீம்.

கடைசியாக ஒன்று. ஆம்பூரில் செய்தது ஆம்பூரிலிருந்து கிளம்புவதற்கு மட்டும். டாக்டர் பேசியது ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பியது. இதே வேலையை அந்த முனையிலும் செய்ய வேண்டும். அனுப்புகிறவர்தான் வரிசைப்படுத்த முடியும், வாங்குகிற முனையில் நின்று செய்யக்கூடியது குறைவு.

வடிகட்டலைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதை அவசரமாக எழுதக் கூடாது.

ஏலகிரி_பனி | செவ்வாய், காலை 7.15

அண்ணா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டனல் போடும்போது உள் பாக்கெட்டின் டிஎஸ்சிபியை வெளித் தலைப்புக்கு நகல் எடுப்பார்கள் என்று பாடத்தில் வருகிறது. அப்படியென்றால் வான் இன்டர்ஃபேஸிலேயே வெளிக் குறியைப் பார்த்துப் பிரித்துவிடலாமே?

கோட்டை_அகழி | செவ்வாய், காலை 8.30

நல்ல கேள்வி தம்பி. பாடத்தில் இருப்பது ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறைக்குப் பொருந்தும். 2005-இல் வந்த அதன் தரநிலை, ஆர்எஃப்சி 4301, டனல் முறையில் டிஎஸ்சிபியை உள்ளிருந்து வெளியே நகல் எடுக்கச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலில் இருக்கும் வயர்கார்ட் அப்படிச் செய்வதில்லை. தரவுப் பாக்கெட்டுகளின் வெளி டிஎஸ்சிபி பூஜ்யமாகவே போகும். இசிஎன் எனப்படும் நெரிசல் பிட்டுகளை மட்டும் வெளியே கொண்டுவருகிறது. இரு முனையும் சாவியை ஒத்துக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் தானாகவே ஏஎஃப்41 போட்டு அனுப்பும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. குறி வெளியே தெரிந்தால், உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் எது குரல், எது கோப்பு, யார் எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று வழியில் இருப்பவர் கணிக்கலாம். அதனால் வயர்கார்ட் நடந்துகொள்ளும் விதம் எனக்குச் சரியென்றே படுகிறது. நம் வேலையை டனலின் வாயிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், காலை 11.10

ஐபிசெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது காட்பாடியில் இரண்டு சிறு அலுவலகங்களுக்கு இதைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

வெளிக் குறியைப் பார்த்து வான் பக்கத்தில் முன்னுரிமை கொடுத்தேன். குரல் நன்றாகிவிட்டது, ஆனால் கோப்பு இறக்கம் படுத்துவிட்டது. மூன்று நாள் தேடினேன். காரணம் ரீப்ளே பாதுகாப்பு. மறையாக்கம் செய்யும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் விழுகிறது. அதற்குப் பிறகு நான் குரல் பாக்கெட்டை முன்னே தள்ளினால், கோப்புப் பாக்கெட்டுகள் பின்தங்குகின்றன. எதிர்முனை 64 பாக்கெட் ஜன்னல்தான் வைத்திருந்தது. அதைவிடப் பின்தங்கி வருவதை எல்லாம் யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று எண்ணி எறிந்துகொண்டிருந்தது.

ஜன்னலை 1024 ஆக்கினேன், சரியானது. ஆனாலும் முறையான வழி மேலே அகழி சொன்னதுதான், எண் விழுவதற்கு முன்பே வரிசைப்படுத்துவது. வயர்கார்டின் ஜன்னல் பல ஆயிரம் பாக்கெட் அகலம், அதில் இந்தத் தொல்லை எளிதில் வராது.

தோல்மண்டி_நெட் | செவ்வாய், இரவு 9.55

அகழி அண்ணா சொன்னபடி இரண்டு முனையிலும் செய்தேன். முதலில் கவுன்ட்டர் ஓடவே இல்லை என்று மறுபடியும் பயந்தேன். சரியாகச் சொன்னால், ஒரு புது அழைப்பு வந்தால் நான்கைந்து பாக்கெட் எண்ணிவிட்டு நின்றுவிடுகிறது. இது ஏன்?

ஐசிஎம்பியையும் பாலாறு அண்ணன் சொன்னபடி இரண்டு பக்கமும் தடுத்துவிட்டேன்.

குடியாத்தம்_தறி | செவ்வாய், இரவு 10.20

தம்பி, ஃபயர்வால் பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிடுங்கள். ஓர் இணைப்பு நிலைபெற்றதும் அதன் பாக்கெட்டுகளை ஃபார்வர்ட் செயினுக்கே கொண்டுபோகாமல் குறுக்கு வழியில் அனுப்புவதுதான் அந்த வசதி. ரூட்டரின் சுமை குறையும், ஆனால் உங்கள் குறி போடும் விதியை ஒரு பாக்கெட்டும் சந்திக்காது. ஆரம்பப் பாக்கெட்டுகள் மட்டும் எண்ணப்படுவது அதனால்தான்.

நான் மைக்ரோடிக்கில் இதே பள்ளத்தில் விழுந்தவள். எங்கள் துணிக்கடைக்குக் குடியாத்தத்திலும் ஆரணியிலும் கிளை. மைக்ரோடிக்கில் இதற்கு ஃபாஸ்ட்ட்ராக் என்று பெயர், தொழிற்சாலை அமைப்பிலேயே ஃபார்வர்ட் செயினில் அந்த விதி உட்கார்ந்திருக்கும். குறி போடும் மேங்கிள், வரிசைப்படுத்தும் சிம்பிள் க்யூ எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். நான் முழுவதும் நீக்கவில்லை. விபிஎன் பக்கம் போகும் இணைப்புகளை ஃபாஸ்ட்ட்ராக்கில் சேராதபடி முன்னால் ஒரு விதியை வைத்தேன். கடைக்குள் வாடிக்கையாளர் பார்க்கும் இணையத்துக்கு அது இன்னும் ஓடுகிறது.

தோல்மண்டி_நெட் | புதன், மாலை 6.30

அக்கா, அதேதான்! ஆஃப்லோடிங்கை நிறுத்தியதும் கவுன்ட்டர் ஓட ஆரம்பித்தது. பேக்கப்பை வேண்டுமென்றே பகலில் ஓடவிட்டு, முதலுதவி அறைப் போனிலிருந்து பத்து நிமிடம் பேசினேன். ஒரு சொல்கூட விழவில்லை. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் அம்மா, இப்போதுதான் இது போன் மாதிரி இருக்கிறது என்றார்.

ஆனால் ஒரு இடத்தில் மறுபடியும் உடைந்தது. டிசைன் பிரிவில் ஒருவர் சாம்பிள் படங்களை வெளிநாட்டு வாங்குபவருக்கு ஏற்றினார். அது டனலில் போகவில்லை, நேராக இணையத்துக்குப் போனது. அப்போது குரல் போய்விட்டது.

குடியாத்தம்_தறி | புதன், இரவு 8.10

டனலுக்குள் வரிசை போட்டிருக்கிறீர்கள், ஆனால் டனலும் மற்ற இணையமும் கடைசியில் ஒரே லைனில்தானே இறங்குகின்றன. வான் இன்டர்ஃபேஸிலும் ஒரு கேக் வேண்டும், 16.5 எம்பிபிஎஸ் வரம்பில். அங்கே உள்விவரம் பார்க்க முடியாது என்றாலும் லாரியை அடையாளம் காணலாமே? ரூட்டர் தானே கிளப்பும் பாக்கெட் என்பதால் அவுட்புட் செயினில், யுடிபி 51820-க்குப் போவதற்கெல்லாம் ஏஎஃப்41 போடுங்கள். கேக் அதை வீடியோ என்ற தட்டில் போட்டு, சாதாரணப் பதிவேற்றத்துக்கு முன்னால் விடும். தட்டின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தத் தட்டு மொத்த அகலத்தில் பாதிக்குள் இருக்கும்வரை முன்னுரிமை, அதைத் தாண்டினால் மற்றவர்களோடு பங்கு.

இந்தக் குறியை லைன்காரர் மதிப்பார் என்று எண்ண வேண்டாம். இது உங்கள் ரூட்டருக்குள் மட்டும் பேசும் மொழி. வெளியே போகும்போது கேக்கின் வாஷ் வசதியால் அழித்தே அனுப்பலாம்.

கோட்டை_அகழி | புதன், இரவு 9.00

தறி அம்மா சொன்னது சரி. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டனல் மேல் இருக்கும் கேக்குக்கு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 80 பைட் கூடுதல் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் போர்வையின் எடையைச் சேர்க்காமல் கணக்குப் போடும். சிறிய குரல் பாக்கெட் நிறையப் போகும் லைனில் அந்த வித்தியாசம் பெரிது.

இனி வடிகட்டல். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தந்தது.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் வயர்கார்ட் இன்டர்ஃபேஸை லேன் மண்டலத்திலேயே சேர்த்திருப்பீர்கள். நிறைய வழிகாட்டிகள் அப்படித்தான் காட்டுகின்றன, உடனே வேலை செய்யும் என்பதால். அப்படிச் செய்தால் ஆம்பூர் சுவிட்சும் ராணிப்பேட்டை சுவிட்சும் ஒன்றாகிவிடுகின்றன. மறையாக்கம் வெளியாரிடமிருந்துதான் காப்பாற்றும். சாவி வைத்திருக்கும் ரூட்டருக்குப் பின்னால் யார் லேப்டாப்பைச் செருகினாலும் அவர் உள்ளே இருக்கிறார்.

முதலில் விபிஎனுக்கென்று தனி மண்டலம். அதிலிருந்து லேனுக்கு ஃபார்வர்ட் இல்லை என்று வையுங்கள். பிறகு தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எது தேவை என்று உட்கார்ந்து எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் பட்டியலை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.

வயர்கார்டின் அலவ்ட் ஐபிஸில் (டனலில் அனுமதிக்கும் முகவரிப் பட்டியல்) என்ன போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

தோல்மண்டி_நெட் | புதன், இரவு 11.45

லேன் மண்டலத்தில்தான் சேர்த்திருந்தேன் அண்ணா. அலவ்ட் ஐபிஸில் 10.0.0.0/8 என்று மொத்தமாகப் போட்டிருந்தேன்.

ஆம்பூரை நான்காகப் பிரித்துவிட்டேன். 10.20.10.0 போன், 10.20.20.0 கணக்கு, 10.20.30.0 கேமராவும் பேக்கப் பெட்டியும், 10.20.40.0 வெளியாள். ராணிப்பேட்டை ரூட்டரில் எழுதப்போவது:

நிலைபெற்ற இணைப்புக்கும் அதைச் சார்ந்ததற்கும் அனுமதி. செல்லாத நிலையில் வருவது ட்ராப் (பதில் சொல்லாமல் எறிவது). போன் விலேனிலிருந்து பிபிஎக்ஸுக்கு மட்டும் யுடிபி 5060, 10000–20000. கணக்கின் மூன்று கணினியிலிருந்து டாலி சர்வருக்கு டிசிபி 3389. பேக்கப் பெட்டியிலிருந்து இங்குள்ள பெட்டிக்கு டிசிபி 22. மற்றதெல்லாம் ட்ராப். ஆம்பூர் ரூட்டரில், முதலாளி அறைக் கணினியிலிருந்து கேமராப் பதிவுப் பெட்டியான என்விஆருக்கு டிசிபி 554 மட்டும்.

கோட்டை_அகழி | வியாழன், காலை 6.50

நன்றாகப் பிரித்திருக்கிறீர்கள். சில திருத்தம் மட்டும்.

அலவ்ட் ஐபிஸில் 10, 20, 30 மூன்றையும் /24 ஆகத் தனித்தனியாகப் போடுங்கள். 40-ஐச் சேர்க்காதீர்கள். வயர்கார்டில் அந்தப் பட்டியல் போகும்போது வழிகாட்டி, வரும்போது காவல்காரர். மறையாக்கம் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மூல முகவரி பட்டியலில் இல்லையென்றால் பாக்கெட்டை எறிந்துவிடும். வெளியாள் விலேன் டனலைத் தாண்டவே முடியாது. ஆனால் அதற்குப் போர்ட் தெரியாது, அதனால் ஃபயர்வால் விதியும் கட்டாயம் வேண்டும்.

கடைசி விதியை ட்ராப் என்பதற்குப் பதிலாக ரிஜெக்ட் ஆக்குங்கள். வெளி உலகத்துக்கு ட்ராப் சரி. நம் கிளையில் இருப்பவருக்கு ரிஜெக்ட் நல்லது. ட்ராப் என்றால் கணக்குப் பெண் திரையைப் பார்த்தபடி அரை நிமிடம் உட்கார்ந்திருப்பார், ரிஜெக்ட் என்றால் உடனே இணைக்க முடியவில்லை என்று வரும், உங்களை உடனே கூப்பிடுவார். அதோடு பதிவும் வையுங்கள், நிமிடத்துக்கு இத்தனை வரி என்ற வரம்போடு.

ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற போன் உதவி வசதி ஓடினால் நிறுத்திவிடுங்கள். டனலில் நாட் (முகவரி மாற்றம்) இல்லை, அது தேவையில்லாமல் முகவரியைத் திருத்திக் கெடுக்கும். விதிகளை ஐபிவி4-க்கு மட்டும் எழுதிவிட்டு ஐபிவி6-ஐத் திறந்து விட்டுவிடாதீர்கள். என்எஃப்டேபிள்ஸின் ஐநெட் அட்டவணையில் எழுதினால் இரண்டுக்கும் சேரும்.

பட்டியலில் ஐசிஎம்பி இல்லையே?

தோல்மண்டி_நெட் | வியாழன், பகல் 1.10

அண்ணா, இன்னொரு தொல்லை. செவ்வாய் இரவிலிருந்து டாலி திடீர் திடீரென்று உறைகிறது. லாகின் திரை வருகிறது. பெரிய ரிப்போர்ட்டைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. போன் நன்றாகவே இருக்கிறது. வரிசைப்படுத்தியதில் ஏதாவது தப்பா?

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், பகல் 2.00

சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. செவ்வாய் இரவு நீங்கள் ஐசிஎம்பியைத் தடுத்தீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆம்பூர் ரூட்டரில் எதிர்முனையின் முகவரி எந்த வடிவில் இருக்கிறது? ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ?

தோல்மண்டி_நெட் | வியாழன், பகல் 2.35

ஐயா, இப்போதுதான் கவனித்தேன். நான் டொமைன் பெயர் கொடுத்திருந்தேன். அது ஐபிவி6 முகவரியைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆம்பூர் லைனில் ஐபிவி4 பொதுமுகவரி கிடையாது, 100.64 என்று தொடங்கும் முகவரிதான் தருகிறார்கள். வயர்கார்ட் எம்டியு 1420, வந்த கையோடு இருந்தது.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், மாலை 4.15

அங்கேதான் இடிக்கிறது. வயர்கார்டின் போர்வை ஐபிவி4 மேல் 60 பைட், ஐபிவி6 மேல் 80 பைட். 1420-உம் 80-உம் சேர்ந்தால் 1500. ராணிப்பேட்டையில் 1500 போகும். ஆம்பூர் லைன் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை, அதில் 1492 மட்டுமே நுழையும். ஐபிவி6-இல் வழியில் இருக்கும் ரூட்டர் பாக்கெட்டை உடைக்காது. எறிந்துவிட்டு, பாக்கெட் பெரிது என்று ஐசிஎம்பிவி6 வகை 2 செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் உங்கள் ராணிப்பேட்டை ரூட்டர் இதுவரை சமாளித்து வந்தது. செவ்வாய் இரவு அதன் காதை அடைத்துவிட்டீர்கள்.

இரண்டு முனையிலும் வயர்கார்ட் எம்டியுவை 1412 ஆக்குங்கள். டிசிபிக்கு எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) பாதை அளவுக்குக் குறைக்கும் விதியையும் ஃபார்வர்டில் சேருங்கள், 1372-க்கு வரும். பிறகு உடைக்காதே என்ற கொடியோடு 1384 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போக வேண்டும், 1385 போகக் கூடாது.

ஐசிஎம்பியில் பாக்கெட் பெரிது என்ற ஐபிவி6 செய்தி, ஐபிவி4-இன் வகை 3 குறியீடு 4, இரண்டையும் எப்போதும் விட வேண்டும். பிங்குக்கு வேண்டுமானால் நொடிக்கு இத்தனை என்று வரம்பு வையுங்கள். ஐபிவி6-இல் அண்டை வீட்டைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பியால்தான், அதை மொத்தமாக மூடினால் லைனே நின்றுபோகலாம்.

100.64 முகவரி இருக்கும் முனையில் பெர்சிஸ்டென்ட் கீப்பலைவ் 25 நொடி என்று வைத்துவிடுங்கள். என்றைக்காவது ஐபிவி4 பக்கம் திரும்பினால் நாட் வாசல் மூடாமல் இருக்கும்.

பாலாறு_பாலம் | வியாழன், மாலை 5.05

தம்பி, ஐசிஎம்பியை மூடச் சொன்னது நான். தப்பு என்னுடையது, மன்னியுங்கள். எங்கள் கடையில் பில்லிங் மென்பொருள் மாதத்துக்கு இரண்டு முறை இப்படி உறையும். இத்தனை நாள் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயா சொன்ன இரண்டையும் திறந்துவிட்டேன், இந்த மாதம் கவனித்துச் சொல்கிறேன்.

கோட்டை_அகழி | வியாழன், மாலை 5.40

ஒரு வேண்டுகோள் தம்பி. ஆம்பூர் ரூட்டரின் விதிகளை டனல் வழியாகவே மாற்றப் போகிறீர்கள். ஒரு வரி தவறினால் 70 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை நகல் எடுத்து, பத்து நிமிடத்தில் அதைத் திரும்ப ஏற்றி ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு டைமர் வைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் டைமரை நிறுத்தலாம். மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்கு இதற்கே சேஃப் மோட் இருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பிய பிறகு செய்யுங்கள்.

தோல்மண்டி_நெட் | வெள்ளி, இரவு 10.30

ஏழரைக்கு ஆரம்பித்தேன். டைமர் வைத்தது நல்லதாகப் போயிற்று. நிலைபெற்ற இணைப்புக்கான விதியை ரிஜெக்ட்டுக்குக் கீழே எழுதிவிட்டேன், மேலிருந்து கீழே முதலில் பொருந்துவதுதான் நடக்கும் என்பது கை அவசரத்தில் மறந்துவிட்டது. டனல் கையை விட்டுப் போனது. பத்தாவது நிமிடம் தானாகத் திரும்பி வந்தது. இரண்டாவது முறை சரியாக வைத்தேன்.

இப்போது நிலவரம்: எம்டியு 1412, 1384 போகிறது, 1385 போகவில்லை. ஆம்பூரில் ஒருவர் தங்கி டாலியில் முழு வருட லெட்ஜரைத் திறந்து பார்த்தார், உறையவில்லை. பேக்கப்பும் கேமராத் திரையும் வெளிப் பதிவேற்றமும் ஒன்றாக ஓடும்போது போனில் பேசினேன், தெளிவாக இருந்தது. என் பழைய லேப்டாப்பை வெளியாள் விலேனில் செருகச் சொன்னேன். இணையம் வருகிறது, ராணிப்பேட்டையில் எதுவும் தெரியவில்லை.

ரிஜெக்ட் பதிவில் ஒன்று சிக்கியது. கேமராக்களில் இரண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை ராணிப்பேட்டை டிஎன்எஸ் பெட்டியைத் தட்டுகின்றன. யாரும் அப்படி அமைக்கவில்லை. திறக்கட்டுமா?

குடியாத்தம்_தறி | வெள்ளி, இரவு 10.50

திறக்க வேண்டாம் தம்பி. முன்னொரு காலத்தில் யாரோ கைமுறையாக டிஎன்எஸ் முகவரி போட்டுவைத்திருப்பார்கள். கேமராவுக்குள் போய் ஆம்பூர் ரூட்டரின் முகவரிக்கு மாற்றுங்கள், நேரம் சரிபார்ப்பதையும் அங்கேயே காட்டிவிடுங்கள்.

அடுத்த கிளை வரப்போகிறதா? வந்தால் இதே இன்டர்ஃபேஸில் இன்னொரு பியராக (எதிர்முனையாக) சேர்க்காமல், தனி வயர்கார்ட் இன்டர்ஃபேஸ், தனி போர்ட், தனி வரம்பு என்று போடுங்கள். இரண்டு கிளையின் லைன் வேகமும் ஒன்றாக இருக்காது, ஒரே கேக்கில் இரண்டுக்கும் அளவு பொருந்தாது.

தோல்மண்டி_நெட் | சனி, காலை 9.15

சரி அக்கா. பேரணாம்பட்டில் ஒரு யூனிட் பேச்சில் இருக்கிறது, அப்படியே செய்கிறேன்.

கேமராவில் நீங்கள் சொன்னதுதான், இரண்டிலும் பழைய முகவரி கைமுறையாக இருந்தது. மாற்றினேன், பதிவு அமைதியாகிவிட்டது. எந்த விலேனிலிருந்து எந்தப் பெட்டிக்கு எந்த போர்ட் திறந்திருக்கிறது, எந்தத் தேதியில் யார் கேட்டுத் திறந்தது என்று ஒரு தாளில் எழுதி, ஆம்பூர் ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். முதலுதவி அறைப் போனின் எக்ஸ்டென்ஷன் எண் அதில் முதல் வரி.